ரேடியோ கேட்ட நேரம்

எழுபதுகளின் கடைசியில் பழவேற்காட்டு இறால் கொட்டகையில் ஓடு உரித்த பெண்களில் நானும் ஒருத்தி. இறால் உரிக்கக் கண் தேவையில்லை, விரலுக்கே தெரியும். அதனால் ரேடியோவில் பாட்டு வந்தால் எல்லாரும் தலையை நிமிர்த்தி ரேடியோவையே பார்த்துக்கொண்டு உரிப்போம்.

பொன்னேரியிலிருந்து புதிதாக வந்த மேஸ்திரிக்கு அது பொறுக்கவில்லை. கடிகாரமும் கையுமாக நாற்காலியில் உட்கார்ந்து, தலைகள் நிமிர்ந்த நேரத்தையெல்லாம் நாங்கள் திருடிய நேரமாகக் கணக்குப் போட்டான். எங்கள் கைகளை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை, பாவி.

ஒரு மத்தியானம், "பாதி நாளு பாட்டுதான் கேக்குறீங்க, சோம்பேறிக் கழுதைங்களா!" என்று கத்திக்கொண்டே ரேடியோவைத் தூக்கித் தரையில் அடித்தான். சிதறிய துண்டொன்று என் பக்கத்தில் இருந்தவளின் நெற்றியைக் கிழித்தது.

அவள் ரத்தத்தைத் துடைக்கக்கூட இல்லை. எழுந்து போய், அவனுடைய கடிகாரக் கையை முறுக்கிப் பிடித்து, கிள்ளிப்போட்ட இறால் தலைகளின் குவியலுக்குள் முழங்கை வரை அழுத்தினாள். முள்ளெல்லாம் சதையில் ஏறின. அவன் அலறினான்.

"இப்போ சொல்லுடா, எவ்ளோ நேரம் ஆச்சுன்னு?"

யாரும் விலக்கவில்லை. எல்லாரும் தலையை நிமிர்த்தி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒருத்தியின் கைகூட உரிப்பதை நிறுத்தவில்லை.