பூஜை அலமாரியில் நிலவுத் தூள்

என் படங்களைப் பார்ப்பவர்கள் முதலில் கேட்பது, "இது எந்தக் கிரகம்?" என்றுதான். எந்தக் கிரகமும் இல்லை என்றால் முகம் வாடிவிடுகிறது. அதனால் சில சமயம் செவ்வாய் என்று சொல்லிவிடுவேன். பிறகு, ஏன் அப்படிச் சொன்னேன் என்று அன்று முழுவதும் உறுத்திக்கொண்டே இருக்கும்.

வண்ணம் அடிப்பதற்கு முன் சுவரில் பூசுவார்களே, அந்தப் பட்டி மாவைப் பசையோடு குழைத்துப் பலகையில் அப்புவேன். காய்வதற்குள் பாட்டில் மூடியாலும் கிண்ணத்தின் விளிம்பாலும் அழுத்தினால் பள்ளங்கள் விழும். நன்றாகக் காய்ந்த பிறகு உப்புத்தாளால் தேய்த்து, கறுப்பும் நீலமும் ஏற்றுவேன். கண்ணை மூடிக்கொண்டு தடவினால் யாருமே போகாத ஓர் இடத்தில் விரல் நடந்துபோவது போலத் தோன்ற வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

எங்கள் வீடு பட்டாபிராமில் இரண்டாவது மாடியில் இருக்கிறது. கணவருக்கு அம்பத்தூரில் வேலை. எனக்கும் அங்கேதான் இருந்தது, மகள் பிறந்ததும் விட்டுவிட்டேன். இது நடந்தபோது அவளுக்கு ஒன்றேகால் வயது. அவள் தூங்கும் நேரத்தில் பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்வேன். தூசி உள்ளே போகாமலிருக்கக் கதவின் அடியில் ஈரத்துணியைச் சுருட்டி வைப்பேன். முடித்த பிறகு தரையை இரண்டு முறை துடைப்பேன். பட்டி மூட்டையில், குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும் என்று அச்சிட்டிருக்கும். மூட்டையைத் தொடும்போதெல்லாம் அதை ஒரு தடவை படித்துவிடுவேன்.

தேய்க்கும்போது உதிரும் தூளை நான் கொட்டுவதில்லை. அதில் கொஞ்சம் கரியும் வெள்ளி ஜிகினாத் தூளும் கலந்து, ஈரப் பசையின் மேல் தூவினால் நேராகப் பார்க்கும்போது வெறும் சாம்பல் நிறமாகத் தெரியும். சாய்த்துப் பார்த்தால் மட்டும் அங்கங்கே மின்னும். அந்த மின்னல் சரியாக வர எனக்குப் பல நாள் பிடித்தது. ஒன்று, கல்யாண மேடை போலப் பளபளக்கும். இல்லாவிட்டால் செத்துக் கிடக்கும்.

அந்தத் தூளைப் போட்டு வைக்க, காலியான திருநீற்று டப்பா ஒன்று கிடைத்தது. எங்கே வைப்பது என்பதுதான் பிரச்சினை. மகள் சோபாவில் ஏறுவாள், வாளியைக் கவிழ்த்துப் போட்டு ஏறுவாள், இழுப்பறையைப் படியாக்கி ஏறுவாள். வீட்டில் அவளுக்கு எட்டாத ஒரே இடம், சமையலறைச் சுவரில் என் தலை உயரத்துக்கு இருந்த பூஜை அலமாரி. அங்கே வைத்தேன். பக்கத்தில் நிஜத் திருநீறு. அதுவும் அதே கடையில் வாங்கிய அதே மாதிரி டப்பா. பெயர் எழுதி ஒட்ட வேண்டும் என்று நினைத்தேன். அந்த அலமாரியைத் தொடுவது நான் மட்டும்தானே என்று விட்டுவிட்டேன்.

ஒரு நாள் மதியம், முடித்து வைத்திருந்த படம் ஒன்றை ஆவடியில் சட்டம் போடும் கடைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். கீழ்வீட்டு அக்காவை வந்து உட்காரச் சொன்னேன். அக்கா இந்த ஊர்க்காரர். எங்கள் கட்டடம் நிற்கிற இடத்தில் நாற்று நட்டவர், பிறகு பல வருஷம் அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனிகளில் பேக்கிங் வேலைக்குப் போனவர்.

"போய்ட்டு வா கண்ணு. தூங்கற புள்ள எங்க ஓடிடப் போவுது?" என்றார்.

அரை மணி என்று சொல்லிப் போனவள், திரும்பி வர ஒன்றேகால் மணி நேரம் ஆகிவிட்டது. மகள் அக்காவின் மடியில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். நெற்றியில் அகலமாக ஒரு பட்டை.

"எழுந்து ஒரே அழுகைம்மா. உன்ன காணோம்னு கத்தி கத்தி மூஞ்செல்லாம் செவந்துபோச்சு. யார் கண்ணு பட்டுச்சோன்னு சாமி ரேக்குலேர்ந்து துண்ணூறு எடுத்து வெச்சேன். வாயிலயும் ஒரு சிட்டிக போட்டேன். கம்முனு ஆயிட்டா."

"சரிக்கா," என்றேன். அந்தச் 'சரிக்கா' இன்றைக்கும் என் காதில் கேட்கிறது. ஏன் அப்போதே கேட்கவில்லை? உதவி செய்தவரைச் சந்தேகப்படுவது போல ஆகிவிடும் என்று தோன்றியிருக்க வேண்டும். அக்கா கீழே போனதும் அலமாரிக்கு ஓடினேன். இரண்டு டப்பாக்களும் மூடியபடி இருந்தன. ஒன்று சற்று முன்னால் வந்திருந்தது. திறந்தேன். என்னுடைய தூள். ஆனால் காலையிலும் அதுதான் முன்னால் இருந்ததா? படத்துக்குக் கடைசியாகத் தூவியவளும் நான்தானே. அதில் குறைந்திருப்பது என் கையாலா, அக்கா கையாலா என்று தெரியவில்லை.

மகளைத் தூக்கிக்கொண்டு போய்க் குழாயைத் திறந்து நெற்றியைக் கழுவினேன். வாயைக் கழுவினேன், நாக்கைத் துணியால் வழித்தேன். அவள் வீறிட்டாள். எல்லாம் வடிகாலில் போன பிறகுதான் புரிந்தது: எது என்று பார்த்துத் தெரிந்துகொள்ள இருந்த ஒரே இடத்தை நானே கழுவிவிட்டேன்.

கணவருக்கு போன் செய்தேன். "மொதல்ல நெட்ல தேடாத," என்றார். அதற்குள் தேடியிருந்தேன். பட்டியில் வெள்ளை சிமென்ட் இருக்கிறது என்பது வரை படித்துவிட்டு மேலே படிக்கப் பயந்து நிறுத்தியிருந்தேன்.

"எதுக்கும் டாக்டர்ட்ட காட்டிடு. நான் கெளம்பி வரேன்."

டாக்டர் என்ன சாப்பிட்டாள் என்று கேட்டால் என்ன சொல்வது? திருநீறாக இருக்கலாம், சிமென்டாகவும் இருக்கலாம் என்றா? அந்த யோசனையில்தான் நினைவு வந்தது. குழந்தைக்குத் திருநீறு வைக்கிறவர் விரலில் மிச்சம் ஒட்டியிருப்பதைக் கீழே தட்டமாட்டார். தன் நெற்றியில் இழுத்துக்கொள்வார். யாரும் சொல்லிக்கொடுக்காமலே கை அங்கே போய்விடும்.

மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு படியிறங்கினேன். அக்கா வாசலில் உட்கார்ந்து அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தார். சாயங்கால வெயில் பக்கவாட்டில் விழுந்துகொண்டிருந்தது. நெற்றியில் சாம்பல் நிறக் கீற்று. என்னைப் பார்க்கத் தலையை நிமிர்த்தியபோது அதில் ஒரு புள்ளி மின்னியது. தலை திரும்பத் திரும்ப இன்னும் நான்கைந்து. பால்கனியில் அத்தனை நாள் நான் வரவழைக்கப் பார்த்த மின்னல், அவர் நெற்றியில் கச்சிதமாக வந்திருந்தது.

"இன்னாம்மா, பேயறஞ்ச மாதிரி நிக்கிற?"

சொன்னேன். பட்டி, உப்புத்தாள், கரி, ஜிகினா, டப்பா எல்லாவற்றையும் முன்னுக்குப் பின்னாகச் சொன்னேன். அக்கா நெற்றியை விரலால் தேய்த்து, விரலைப் பார்த்தார்.

"அத்த எதுக்கு சாமி ரேக்குல வெச்ச?"

"பாப்பாவுக்கு எட்டக் கூடாதுன்னுதான்."

"பாப்பாவுக்கு எட்டல. எனக்கு எட்டிடுச்சு." முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார். "நட, டாக்டராண்ட போலாம்."

"நான் பாத்துக்கறேன்க்கா, நீங்க எதுக்கு?"

"நான்தான வாயில போட்டேன்? நானும் ஒரு சிட்டிக போட்டுக்கினேன். நட."

ஸ்டேஷன் பக்கத்து கிளினிக்கில் கூட்டமில்லை. டப்பாவையும், மூட்டையிலிருந்து கத்தரித்த அட்டையையும் டாக்டரம்மாவின் மேஜையில் வைத்தேன். எவ்வளவு போட்டீர்கள் என்று அவர் கேட்க, அக்கா இரண்டு விரலைச் சேர்த்துக் காட்டினார். டாக்டரம்மா டார்ச் அடித்து வாயைப் பார்த்தார், நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார், அட்டையைப் பொறுமையாகப் படித்தார்.

"வாய்ல புண் இல்ல. மூச்சும் நல்லாருக்கு. இந்த அளவுக்கு ஒண்ணும் ஆகாது. தண்ணி குடுங்க. இருமல், வாந்தி வந்தா உடனே தூக்கிட்டு வாங்க. நாளைக்கு வெளியில போயிடும்." டப்பாவைச் சாய்த்துப் பார்த்தார். "இத வச்சு என்ன செய்றீங்க?"

அக்கா முந்திக்கொண்டு சொன்னார்: "நெலா செய்யுது டாக்டர். நானும் புள்ளயும் துன்னுட்டோம். எனக்கு எதுனா ஆவுமா?"

"உங்களுக்கும் அதேதான். நாளைக்குப் பாருங்க."

இருவரும் சிரித்தார்கள். மகளும் எதற்கென்று தெரியாமல் சிரித்தாள். நான் அவள் இருமுகிறாளா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று இரவு அவள் நன்றாகத் தூங்கினாள். நான் தூங்கவில்லை. காலையில் அவள் ஆய் போன பிளாஸ்டிக் பானையை பால்கனிக்கு எடுத்துப் போய், படங்களைப் பார்ப்பது போலவே வெயிலில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். இரண்டு புள்ளிகள் மின்னின. முந்தின நாள் மதியத்திலிருந்து பிடித்து வைத்திருந்த மூச்சு அப்போதுதான் இறங்கியது.

கீழேயிருந்து அக்காவின் குரல் கேட்டது. "வந்துச்சா?"

"வந்துச்சுக்கா."

"எத்தினி?"

"ரெண்டு."

"அப்ப மீதி உள்ளதான் கீது," என்றார். விளையாட்டுக்குத்தான் சொன்னார். நான் மேலும் மூன்று நாள் பானையைச் சாய்த்துப் பார்த்தேன்.

தூள் டப்பா இப்போது பரணில், பூட்டிய பெட்டிக்குள், நான்கு பக்கமும் பெயர் எழுதி ஒட்டியபடி இருக்கிறது. ஆவடியில் சட்டம் போட்ட அந்தப் படத்தை, வாங்கிய தம்பதியிடம் கொடுக்கும்போது, குழந்தை கைக்கு எட்டாத உயரத்தில் மாட்டுங்கள் என்று சொன்னேன். புதிதாகக் கல்யாணமான அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சொல்லியிருக்க வேண்டாமோ.

அக்கா இன்னும் மகளுக்குத் திருநீறு வைக்கிறார். வைப்பதற்கு முன் டப்பாவை என் மூக்குக்கு நேராக நீட்டுவார். "சாமியா, நெலாவா? பாத்து சொல்லு."

"சாமிதான்க்கா," என்பேன். வாசனை தெளிவாகவே வரும். இருந்தாலும் முதல் சிட்டிகையை என் நாக்கில் போட்டுக்கொண்ட பிறகுதான் மகளிடம் விடுவேன். அக்கா போன பின் அவளை ஜன்னலருகே தூக்கிப்போய், நெற்றியை வெயிலில் ஒருமுறை சாய்த்துப் பார்ப்பேன்.