பாய்மரப் படகுக்கு மூட்டை கட்டியவன்

மூட்டை கட்டுவதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்பவர், அடுத்தவர் பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்து அதை மூடிப் பார்த்திருக்க மாட்டார். மூடிப் பார்த்த புண்ணியவான்களே, இது உங்களுக்குத்தான்.

எழுபதுகளில் சித்தூரில் எங்கள் மிஷன் ஆபீசில் நான் டெம்பரரி கிளார்க். சொந்த ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்காரப் பாதிரியார் ஒருவர், பழவேற்காடு ஏரியில் ஓட்டிக்கொண்டிருந்த பாய்மரப் படகை மிஷனுக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். கோடை லீவில் சபைக்காரர்கள் அதை மூன்று நாள் எடுத்துப் போகலாம். படகோட்டி கிடையாது, அவர்களேதான் ஓட்டிக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் இடுப்பளவு தண்ணீர் என்பதால், கவிழ்ந்தால் எழுந்து நின்றால் போதும். கயிறு, தார்ப்பாய், அரிக்கேன், பாய் தைக்கும் ஊசி, ஸ்டவ், குடிதண்ணீர் கேன் எல்லாம் கட்டி அவர்களை பஸ் ஏற்றிவிடுவது என் வேலை.

எனக்குப் பெண் பேசி வைத்திருந்தார்கள். வேலை பெர்மனென்ட் ஆனால்தான் கல்யாணம் என்று பெண்ணின் நைனா சொல்லிவிட்டார். மிஷன் கமிட்டி சேர்மனோ என் மேஜையில் ஒரு கம்ப்ளெயின்ட் நோட்டை வைத்து, "இந்த சீசன்ல இதுல ஒரு வரி ஏறிச்சின்னா நீ வேற வேல பாத்துக்கோ" என்றார். எந்த நேரமும் அந்த நோட்டைப் பார்த்தபடிதான் மூட்டை கட்டினேன்.

இரும்புப் பெட்டி

முதலில் வந்தவர் திருப்பதியில் காலேஜ் லெக்சரர். துணிப்பைதான் படகில் அடங்கும் என்று படித்துப் படித்துச் சொன்னேன். அவர் இரும்புப் பெட்டிதான் என்று பிடிவாதம் பிடித்தார். நான் கொடுத்த கயிறு, கத்தி, தீப்பெட்டி, ஊசி எல்லாவற்றையும் அதில் அடுக்கி, திண்டுக்கல் பூட்டாகப் பார்த்துப் பூட்டினார். சாவியைத் திருப்பதியில் மாமியார் வீட்டு அலமாரியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மூன்று நாளும் கிழிந்த பாயோடு, அடுப்புப் பற்றவைக்க வழியில்லாமல், வாழைப்பழத்திலேயே காலம் தள்ளியிருக்கிறார்கள். நோட்டை எடுத்து எழுதப் போகிறார் என்று அதன் மேல் ஒரு ஃபைலை இழுத்துப் போட்டேன். அவர் பெட்டியைப் பெருமையாகத் தட்டிக் காட்டினார்: "பாத்தியா தம்பி, உன் சாமான்ல ஒண்ணு கூட தொலயல!"

இறைக்கிற டப்பா

அடுத்து ஆஸ்பத்திரி நர்ஸுகள் ஐந்து பேர். படகில் சேரும் தண்ணீரை இறைத்து ஊற்ற ஒரு பெரிய டப்பா கொடுத்திருந்தேன். அவர்கள் அதை நன்றாக விளக்கி சாம்பார் வைத்துவிட்டார்கள். சாம்பார் கொதிக்கும் நேரம் பார்த்துத்தான் படகு ஒழுகத் தொடங்கியது.

பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஐந்து பேரும் முழங்கால் தண்ணீரில் இறங்கி, படகைக் கரைக்குத் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறார்கள். டப்பாவைக் காலி செய்திருக்கலாமே என்றேன். ஹெட் நர்ஸ் என்னை ஏற இறங்கப் பார்த்தார்: "சாம்பாரா படகான்னு ஓட்டு போட்டோம்ப்பா, சாம்பார் கெலிச்சிச்சி."

மேப்

விஜயபுரத்து வேர்க்கடலை விவசாயி ஒருவருக்கு ஏரியின் மேப் ஒன்றைச் சுருட்டிக் கொடுத்தேன். திருப்பிக் கொடுத்துவிட்டார்: "ஏரின்னா சுத்தி கர இருக்குது. எங்க போயி முட்னாலும் ஊருதான, இது எதுக்கு?"

சேர்மன் ஐயா

சீசன் முடிவில் சேர்மனே மனைவி மக்களோடு கிளம்பினார். ரிடையரான ஹெட்மாஸ்டர். நான் கட்டி வைத்த தண்ணீர் கேன்களை ஒவ்வொன்றாகத் தூக்கி வெளியே வைத்தார். "ஏரிக்குப் போறவன் எவனாச்சும் தண்ணி தூக்கிக்கினு போவானா?" என்று சிரித்தார். எங்கள் பக்கத்து ஏரியெல்லாம் நல்ல தண்ணீர். கடல் வந்து கலக்கிற ஏரியை அவர் எங்கே கண்டார்? "அது உப்புத் தண்ணி ஐயா" என்றேன். "எனக்கே ஜியாகரபி சொல்றியா?" என்று அதட்டிவிட்டு, கேன் இருந்த இடத்தில் தன் ஆர்மோனியப் பெட்டியை வைத்தார்.

தண்ணீர் இல்லாமல் தவித்தாலும் கம்ப்ளெயின்ட் என் பேரில்தான், பேச்சை மீறினாலும் என் பேரில்தான். குடும்பத்தில் சின்னப் பிள்ளைகள் வேறு இருந்தார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. பஸ் வருவதற்குள் ஆர்மோனியத்தை அதன் மரப்பெட்டியிலிருந்து எடுத்து என் மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டு, அந்தப் பெட்டிக்குள் இரண்டு கேன்களைத் திணித்து மூடினேன்.

புளிச்சோறும் ஊறுகாயும் தின்றுவிட்டு ஏரியில் ஒரு டம்ளர் மொண்டு குடித்த சேர்மன், குடித்த வேகத்திலேயே துப்பினாராம். சாயங்காலம் பாட்டுப் பாட பெட்டியைத் திறந்தால் தண்ணீர்!

மூன்றாம் நாள் நேராக ஆபீசுக்கு வந்தார். தண்ணீரைப் பற்றி மூச்சு விடவில்லை. "ஆர்மோனியம் எங்கடா?" என்று நோட்டை இழுத்துப் பேனாவைத் திறந்தார். என் கல்யாணம் போயே போச்சு என்று கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பின்னாலேயே வந்த அவர் மனைவி பேனாவைப் பிடுங்கி மூடினார்: "சுருதி இல்லாம இந்த மனுசன் பாட மாட்டாரு. முப்பது வருசத்துல இந்த மூணு நாளுதான் நான் நிம்மதியா இருந்தேன். மொதல்ல இந்தப் புள்ளைக்கு பெர்மனென்ட் ஆர்டர் போட்டுக் குடுங்க."

எதையெல்லாம் மூட்டையில் கட்ட வேண்டும் என்று சீசன் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்ட எனக்கு, கட்டாமல் விட்ட ஒரே பொருள்தான் வேலையும் வாங்கிக் கொடுத்தது, பெண்டாட்டியும் வாங்கிக் கொடுத்தது.