ராஜபாளையத்துக்குப் போய்த் திரும்பி வந்த சர்வர்

வெளியூர் வியாபாரிகளுக்குக் கம்ப்யூட்டர் விற்கக் கிளம்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். 1994-இல் மதுரையில் கம்ப்யூட்டர் விற்கும் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தேன்; வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ராஜபாளையத்துப் பஞ்சு வியாபாரி காதர் பாயை யுனிக்ஸ் சர்வரும் அதில் கணக்கு ஏற்ற நாலு டெர்மினலும் வாங்க வைத்தவன் நான்தான். அடுத்தடுத்து இரண்டு வெள்ளிக்கிழமை அது படுத்துக்கொண்டது. இரண்டு சனிக்கிழமை போய் எழுப்பிவிட்டு வந்தேன். "மெஷின் திரும்பி வந்தா ஒனக்கும் இங்க வேலை இல்ல" என்றார் முதலாளி. மூன்றாவது வெள்ளிக்கிழமையே கிளம்பினேன்.

காலை ஒன்பது மணி பஸ், டிக்கெட் பதினாலு ரூபாய். கிருஷ்ணன்கோவில் தாண்டித்தான் உட்கார இடம் கிடைத்தது. பதினொன்றே காலுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கினேன். பஞ்சு அடுக்கும் பாயின் கிளைக் கிட்டங்கி அங்கேதான்; போகிற வழியில் ஒரு எட்டுப் பார்க்க நினைத்தேன். மூடிகூட இல்லாத பழைய டாஸ் மெஷின் ஒன்று அங்கே ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. பார்க்கவே எரிச்சலாக இருந்தது. இதன் ரகசியம் என்ன என்று கிளார்க் செல்வியிடம் கேட்டேன்.

"என்ன ரகசியம் சார்? வெள்ளிக்கெழம தொழுகைக்குப் போகையில மெயினையே அணைச்சிருவாக. பொறவு போட்டா அதுபாட்டுக்கு வந்துரும்."

"ராஜபாளையத்துலயுமா?"

"பஞ்சு கெடக்குற எடம்லா. ஆள் இல்லாம கரண்ட விட்டுட்டா போவாக?"

யுனிக்ஸ் சர்வரை முறைப்படிதான் நிறுத்த வேண்டும். பட்டென்று கரண்ட் போனால் டிஸ்க்கில் இருப்பது குழம்பிவிடும். நான் கொடுத்த யு.பி.எஸ். பத்து நிமிடம் தாங்கும். தொழுகைக்குப் போய்வர ஒரு மணி நேரம் ஆகும்.

மிச்சம் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு முக்கால் மணி நேரம் பிடித்தது. ராஜபாளையத்தில் பாயின் கிட்டங்கிக்குள் ஓடி நுழைந்தபோது வாட்ச்மேனின் கை மெயின் சுவிட்சில் இருந்தது.

"அண்ணாச்சி, செத்த பொறுங்க!"

சர்வரை முறைப்படி நிறுத்தினேன். "வாராவாரம் இப்படி நிறுத்திட்டுப் போனா போதும் பாய்" என்றேன், மூச்சு வாங்க.

பாய் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "தொழுகைக்குக் கெளம்புறவன் ஒங்க மெஷின் தூங்குற வரைக்கும் வாசல்ல நிக்கணுமா தம்பி? இம்புட்டு தர்பார் நமக்கு ஆகாது. வில்லிபுத்தூர்ல கெடக்குற மாதிரி ஒண்ணு போதும். இத எடுத்துட்டுப் போங்க."

அவர் சொன்னது நியாயம்.

சாயங்காலம் சர்வர் பெட்டியோடு பஸ் ஏறினேன். பெட்டிக்குத் தனியாக லக்கேஜ் டிக்கெட், ஏழு ரூபாய். "ரிப்பேரா சார்?" என்றார் கண்டக்டர். "இல்லண்ணே, நல்லா ஓடுது."

போகிறவர்கள் மெமரி, டிஸ்க் எல்லாம் பிறகு பேசுங்கள். மெயின் சுவிட்சை யார், எப்போது அணைக்கிறார் என்று முதலில் கேளுங்கள். இரண்டு சனிக்கிழமையும் அந்தச் சுவிட்சுக்குக் கீழேதான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். கேட்கத் தோன்றவில்லை.

மறுநாள் சர்வரை முதலாளி மேசையில் வைத்தேன். அவர் அதைப் பார்க்கவில்லை. என்னிடம் இருந்த ஆபீஸ் சாவிக்காகக் கையை நீட்டினார்.