சனிக்கிழமை வடை

வல்லிநாயகம் சாருக்குக் கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிடுவார். தென்காசிப் பள்ளியில் அவர் விலங்கியல் நடத்திய காலத்தில், அதைக் கழற்ற வைத்தது பெரும்பாலும் பாடப்புத்தகம்தான். உயிரினம் மரபணுக்களைச் சுமக்கும் வெறும் பை, சூழல்தான் அதைச் சலித்தெடுக்கிறது என்று அதில் போட்டிருந்தது.

"பை சும்மா கெடக்குமாம்லா! அது திங்கும், பழகும், பிள்ளைக்குக் காட்டிக் குடுக்கும், இருக்குத எடத்தையே மாத்தும். மாறுன எடம் திரும்ப அதை மாத்தும். பையாம், பை!" என்பார். பக்கத்து வகுப்பில் கணக்கு நடத்திய எனக்கு அது வேடிக்கையாக இருந்தது.

ஓய்வுக்குப் பிறகு குற்றாலத்தில் குடியேறி, குரங்குகளைப் பார்த்தே பொழுதைப் போக்கினார். சீசனில் அந்த அருவிக்கரையைப் பார்க்கச் சகிக்காது. எண்ணெய்ப் பிசுக்கு, ஷாம்பு உறை, மிச்ச பிரியாணி, குழந்தைகளின் டயப்பர். அதற்குள் கைவிட்டுத் துழாவித் தின்னும் குரங்குகள். எனக்குக் குமட்டியது குரங்குகளைப் பார்த்தல்ல.

லாட்ஜ் முதலாளி தேவா ஒருநாள் சாரைத் தேடி வந்தார். குரங்குகள் அறைக்குள் புகுந்து அட்டகாசம் செய்கின்றனவாம். "இது திருட்டு ரத்தம் சார், பிறவிப் புத்தி. நீங்க படிச்சவரு, பேரூராட்சிக் கூட்டத்துல அப்படிச் சொன்னாப் போதும். வனத்துறைக்காரங்க பிடிச்சிட்டுப் போயிருவாங்க."

சார் கூட்டத்துக்குப் போனார். நானும் போனேன். அங்கே எழுந்து நின்று, "சனிக்கிழமை தவறாம, ஆஞ்சநேயர் பேரச் சொல்லி உம்ம மொட்டை மாடியில வடை போடுதது யாருவே? மத்த நாளு அது வேற எங்க போவும்?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். சாமி காரியத்தை இதில் இழுக்க வேண்டாம் என்று வாயை அடைத்துவிட்டார்கள்.

மாடிக்குக் கூண்டு வந்தது. உள்ளே வாழைப்பழம் வைத்தார்கள். காது கிழிந்த பெண்குரங்கு ஒன்றுதான் அந்தக் குரங்குக் கூட்டத்துக்குத் தலைவி. அது கூண்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒதுங்கி உட்கார்ந்துகொண்டது. அதைப் பார்த்து மற்றவையும் கிட்டே போகவில்லை. "பாத்தீராவே? பை யோசிக்குது!" என்று சாருக்கு ஒரே சந்தோஷம். இனி அவை பிடிபடாது என்றே நம்பினார்.

சனிக்கிழமை வந்தது. தேவா குளித்து, விபூதி பூசிக்கொண்டு வந்து, தன் கையாலேயே வடையைக் கூண்டுக்குள் வைத்தார். காது கிழிந்த குரங்கு அவர் முகத்தை ஏறிட்டுப் பார்த்தது. வயிற்றில் குட்டியைக் கட்டிக்கொண்டு உள்ளே போனது. மற்றவை பின்னாலேயே போயின.

சார் கண்ணாடியைக் கழற்றினார். எனக்கு அந்த விபூதி நெற்றியில் காறித் துப்பலாம் போல இருந்தது.

அவற்றைச் செங்கோட்டைக்கு அப்பால் காட்டில் விட்டுவிட்டு வந்தார்கள். கொஞ்ச நாளில் மலையிலிருந்து வேறொரு கூட்டம் இறங்கியது. தேவா சாரிடம் போனில் புலம்பினார்.

"சார், இதுவும் அதே திருட்டு ரத்தம்தான். திரைச்சீலையெல்லாம் கிழிச்சுப் போட்டுட்டுது."

"இந்த வாரம் வடை போட்டீரா?"

"போடாம இருப்பனா சார்? சனிக்கிழமைலா!"