நிறுவைக்குப் பிறகு சாக வேண்டியவள்

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். கல்யாணமாகி டொரன்டோவுக்குப் போய், ரொட்டி பொதி செய்யும் தொழிற்சாலையில் நின்றபடியே கவிதை கட்டினேன். இரண்டு தொகுப்புகள் வந்தன, பிறகு ஒரு நாவல். மேடையில் என்னைக் கனேடியக் கவிஞர், நாவலாசிரியர் என்று சொல்லும்போதெல்லாம், வேறு யாரையோ சொல்கிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பேன். பிழை விட்டுவிடுவேனோ என்ற பயம் இன்னும் போகவில்லை. அதனால் எதையும் முதலில் எழுதுவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் இலங்கை மலையகத்தில், டயகம தோட்டத்திலிருக்கும் அக்காவுக்குத் தொலைபேசியில் சொல்வேன். எந்த இடத்தில் அவள் "ம்" கொட்டவில்லையோ அந்த இடத்தை விட்டுவிடுவேன். மிச்சம்தான் புத்தகம்.

இரண்டாவது நாவலில் தேயிலைக் கொழுந்தெடுக்கும் ஒரு பெண் வந்தாள். அக்காவின் நடை, அக்காவின் இருமல். அக்காவுக்கும் அது தெரியும். "இந்த வாரம் நான் என்னடி பண்றேன்?" என்றுதான் கேட்பாள்.

கதை முடிகிற இடத்தில் அந்தப் பெண் பனிமூட்டத்துக்குள், மலையிலேயே சாக வேண்டும். எப்படி யோசித்தாலும் கதை அங்கேதான் போய் நின்றது. அக்காவுக்கு நிஜமாகவே நெஞ்சில் சளி. நான் வாயால் சொல்லி அது பலித்துவிட்டால்? பல ஞாயிறுகள் மழையைப் பற்றியே பேசிச் சமாளித்தேன். கடைசியில் நேரில் சொல்லிவிடலாம் என்று புறப்பட்டு வந்தேன்.

ஹட்டனிலிருந்து பஸ் ஒவ்வொரு வளைவிலும் சாய்ந்தது. இது உருண்டால் நாவல் முடியாது, முடியாவிட்டால் அக்கா சாகமாட்டாள் என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது.

மறுநாள் அவளோடு மலைக்குப் போனேன். செடிகளைக் கவ்வாத்து வெட்டி, மறுபடி துளிர்த்த மலையில் அன்றுதான் முதல் எடுப்பு. மூட்டம் பெண்களின் தோள்வரை நின்றது. தலைகள் மட்டும் வெள்ளையில் மிதந்தன. அக்கா முதல் கொழுந்தைக் கிள்ளிக் கூடையில் போட்டு, விளைச்சல் பெருக வேண்டி "பொலியோ பொலி" என்றாள். மற்றவர்கள் வாங்கிச் சொன்னார்கள். அந்தச் சத்தம் எங்கேயோ போய் நனைந்து, மெதுவாகத் திரும்பி வந்தது. நான் மலையில் நிற்கிறேனா, எழுதாத பக்கத்துக்குள் நிற்கிறேனா என்று தெரியவில்லை.

தேத்தண்ணி குடிக்க உட்கார்ந்தபோது சொல்லிவிட்டேன்.

"அக்கா, கதையில அந்தப் பொம்பள செத்துப் போறா."

ரொட்டியைப் பிய்த்த கை நின்றது. "எங்க?"

"மலையில. மூட்டத்துக்குள்ள, கூடையோட."

"எந்நேரம்?"

"காலையில."

அக்காவின் லயத்து வரிசையில் அடுத்த வீட்டுக்காரி பக்கத்தில் இருந்தாள்; அவள் சிரித்தாள். "போச்சு. இவ்வளவு தூரம் பிளேன் ஏறி வந்து ஒன்ன அனுப்பி வச்சிட்டா."

அக்கா சிரிக்கவில்லை. "காலையிலயே செத்தா அரைப்பேருதான்டி போடுவாங்க. அரைநாள் சம்பளம். அதுவரைக்கும் எடுத்தவ என்ன, சும்மாவா எடுத்தா?"

"வேணும்னா சாகாமலே..."

"சாகட்டும். ஆனா அந்தி நிறுவைக்கு அப்புறம் சாகட்டும். கொழுந்த நிறுத்துக் குடுத்து, முழுப்பேரு விழுந்துச்சான்னு பாத்துட்டு, வெறுங்கூடையோட எறங்கி வரட்டும். அந்நேரம் தல லேசா இருக்கும். அதுல போனா போகட்டும்."

"ஒனக்குக் கோவம் இல்லையா?"

"ராவைக்கி மொளகாயும் உப்பும் சுத்திப் போடணும். எனக்கில்லடி, ஒனக்கு. நீதான் பயத்துலயே செத்துக்கிட்டு இருக்க."

அந்தி நிறுவை முடிந்து இறங்கினோம். மூட்டம் மறுபடியும் ஏறி வந்தது. முன்னால் போன அக்காவின் கூடை முதலில் மறைந்தது, பிறகு அவளும். கால் வழுக்குமோ என்று ஒவ்வொரு கல்லாகத் தடவி வைத்தபடி, முடிவை முதலிலிருந்து சத்தமாகச் சொன்னேன். அந்தப் பெண் கொழுந்தை நிறுத்துக் கொடுத்தாள். தலையில் மாட்டிய கயிறு தளர்ந்தது. வெறுங்கூடைக்குள் மூட்டம் வந்து நிறைந்தது. அவள் ஒரு கல்லில் உட்கார்ந்தாள், எழவில்லை.

கீழேயிருந்து சத்தமே இல்லை. நின்றுவிட்டேன்.

கொஞ்சம் கழித்து, வெள்ளைக்குள்ளிருந்து இருமல் கேட்டது. பிறகு அவள் குரல்.

"ம். அப்புறம்?"