பிரான்ஸ் தாத்தாக்களுக்கு வந்த நல்ல காலம்

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

இன்று காரிமங்கலம் பஸ்ஸில் அண்ணனைப் பார்த்தேன். பிரான்ஸில் ஒரு முதியோர் இல்லத்தில் தொண்டு செய்யும் மகனோடு, ஸ்பீக்கர் போட்டுப் பேசிக்கொண்டிருந்தார்.

“இங்க தாத்தாங்களுக்கு நாந்தான்ப்பா சூப் ஊட்டறேன். பெத்த புள்ளைங்க எட்டிக்கூடப் பாக்கறதில்ல.”

“ச்சே, என்ன ஜனங்கடா!” என்றார் அண்ணன். பஸ்ஸே உச்சுக்கொட்டியது.

இறங்கும்போது சொன்னேன். “நம்ம அப்பா எங்க வூட்டுல படுத்த படுக்கையா உங்களையே கேக்கறாருங்கண்ணா. ஒரு எட்டு வந்துட்டுப் போங்க.”

“எங்கடா நேரம்? ஞாயித்துக்கெழம சர்ச்சுல பையனோட சேவையப் பத்திப் பேசச் சொல்லியிருக்காங்க.”

அப்பாவுக்கு அந்த இல்லத்தில் ஒரு கட்டில் கிடைக்குமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பெயர் போடாமல்தான் பதிவிடுகிறேன். அண்ணன் கோபித்துக்கொண்டால், அவர் வருவார் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும் அப்பாவுக்கு யார் பதில் சொல்வது?