கேப்டன் துரைவேலின் பச்சைப் பெல்ட்

கேப்டன் துரைவேல் கலங்கரை விளக்கத்தின் உச்சியிலிருந்து கடலில் விழுந்த வாரம் எங்கள் வீட்டில் சோறு அடிப்பிடித்துக் கரியானது. அடுப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டிய சாச்சி, பத்திரிகையைக் கையில் பிடித்தபடி சிலையாக உட்கார்ந்துவிட்டாள். உம்மா வைத வசவு தெருமுனை வரை கேட்டிருக்கும். சாச்சிக்குக் கேட்கவில்லை.

சாச்சி என் உம்மாவின் தங்கை. கீழக்கரையில் கல்யாணமான பெண்களும் தாய்வீட்டிலேயே இருப்பதுதான் வழக்கம், மாப்பிள்ளைமார்தான் வந்து போவார்கள். அதனால் எங்கள் வீட்டில் உம்மா, வாப்பா, நான், சாச்சி, பிறகு ஊரில் இருக்கும்போது மட்டும் அவள் மாப்பிள்ளை, என் சாச்சா. சாச்சா கொழும்புக்கு ஓடும் தோணியில் தண்டல். தோணியை நடத்திப் போகிறவரை அப்படித்தான் சொல்வார்கள்.

துரைவேல் யாரோ எவரோ அல்ல. ராமநாதபுரத்திலிருந்து பஸ்ஸில் வாரம் தவறாமல் வரும் பத்திரிகையில் அவர் சாகாத வீரர். ஒரு தொடரில் மண்டையோட்டுத் தீவு, அடுத்ததில் பேசும் பிணம், அதற்கடுத்ததில் ஆளில்லாமல் ஓடும் கப்பல். அத்தனையையும் சாச்சி பக்கம் பக்கமாகக் கிழித்து, சணல் கோத்துத் தைத்து வைத்திருந்தாள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தப்பட்டவள், அந்தத் தொடர்களை வரி பிசகாமல் ஒப்பிப்பாள். அப்படிப்பட்டவரைக் கடலில் தள்ளிவிட்டு ‘முற்றும்’ என்று போட்டுவிட்டான், எழுதிய பாவி.

“விழுந்தாருன்னுதானே போட்டிருக்கான்? மௌத்தாயிட்டாருன்னு எங்கன போட்டிருக்கான், காட்டு!” என்று என்னிடம் சண்டைக்கு வந்தாள், ஏதோ நான்தான் எழுதியவள்போல. மறுநாளே ஒரு நோட்டை எடுத்து, சாச்சா வாங்கிக் கொடுத்த கொழும்புப் பேனாவால் தானே மேற்கொண்டு எழுதத் தொடங்கிவிட்டாள். முதல் அத்தியாயத்தில் கேப்டன் ஒரு உடைந்த பலகையைப் பிடித்துக்கொண்டு மிதந்தார். சாச்சா அதைப் படித்துவிட்டு, உன் கேப்டனுக்குப் பாய் விரிக்கவாவது தெரியுமா என்று கேலி செய்தாராம்.

‘செய்தாராம்’ என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. அப்போது நான் ஊரில் இல்லை. தேவிபட்டினத்தில் வாப்பாவின் தங்கை வீட்டுக்கு விருந்துக்குப் போன இடத்தில் மணல்வாரி அம்மை போட்டு ஒரு மாதம் அங்கேயே கிடந்தேன். நான் திரும்பி வந்தபோது சாச்சா தோணியில் கூரை ஓடு ஏற்றிக்கொண்டு புறப்பட்டுப் போயிருந்தார். ஐப்பசியில் பெரிய காற்று அடித்தது. அவரோடு போன தோணிகள் ஒவ்வொன்றாகக் கரை சேர்ந்தன. சாச்சாவின் தோணி வரவில்லை.

இரண்டு மாதமாயிற்று. சாச்சிக்கு அப்போது வயிற்றில் ஆறு மாதம். கொழும்பிலிருந்து கடுதாசி வரும் என்றார்கள், யாழ்ப்பாணத்தில் ஒதுங்கியிருக்கும் என்றார்கள். அந்த ஒரு வார்த்தையை மட்டும் யாரும் வாயில் எடுக்கவில்லை. எடுத்தால் சாச்சி, புருஷன் மௌத்தானவளாக இத்தா இருக்க வேண்டும். தாலியாகக் கட்டிய கருகமணியைக் கழற்றி, வெள்ளைச் சேலை உடுத்தி, பிள்ளை பிறக்கும்வரை அறைக்குள் இருக்க வேண்டும். சாச்சியோ கட்டம் போட்ட சிவப்புச் சேலையில்தான் நடமாடினாள். சாயங்காலம் அஸர் தொழுகைக்கு முன்னால் தலைவாரிப் பூ வைத்துக்கொள்வாள். அவள் அறை விளக்கு மட்டும் விடிய விடிய எரிந்தது. எண்ணெய் என்ன விலை விற்கிறது என்று உம்மாகூடக் கேட்கவில்லை, அதுவே எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

எழுத்து மட்டும் நிற்கவில்லை. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பெண்கள் மட்டும் நடக்கும் முடுக்கு வழியாகத் தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர் வந்துவிடுவார்கள். சாச்சி நோட்டை விரிப்பாள். அவள் படிக்கப் படிக்க உச்சி வெயிலிலும் எனக்குக் கை சில்லிட்டுப் போகும். கேப்டன் ஏறிய கப்பலில் மாலுமிகள் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. அவர்கள் உடுப்பு காய்வதேயில்லை. அவர்களுக்கு நிழல் விழுவதில்லை. கேப்டன் மட்டும்தான் அங்கே உயிருள்ளவர், அதை அவர் மற்றவர்களுக்குத் தெரியாமல் மறைக்க வேண்டும், மூச்சுவிடும் சத்தம்கூடக் கேட்கக் கூடாது. கூட்டத்தில் பக்கத்து வீட்டு மாமி ஒருத்தி, தன்னையறியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு கடைசியில் இருமுவாள்.

போகப்போகக் கேப்டன் மாறினார். பச்சை மிளகாயைக் கடித்தால் மூன்று தடவை தும்மினார். கப்பல் எப்போது தோணியானது என்று யாருக்கும் தெரியவில்லை. ஒருநாள் பார்த்தால் துரைவேல் பிஸ்மி சொல்லிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். “ஏம்மா, கேப்டனு ஓடு ஏத்திக்கிட்டு எங்கன போறாரு?” என்று மாமி கேட்டதற்கு, “எல்லாம் வயித்துப் பொழப்புக்குத்தான்” என்றாள் சாச்சி. மற்றப் பெண்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கதை சலித்துவிட்டதாக்கும் என்று நினைத்தேன்.

எனக்கே சலித்துத்தான் இருந்தது. ஒவ்வொரு அத்தியாயத்திலும் கரை தெரியும், கரையில் ஒரு விளக்குத் தெரியும், உடனே நீரோட்டம் தோணியைத் திருப்பிக் கொண்டுபோய்விடும். ‘தொடரும்’. எப்பத்தான் வந்து சேருவாரு என்று நச்சரித்தேன். “வருவாரு, வருவாரு. உனக்கென்ன அவசரம்?” என்று பேனாவை உதறினாள்.

அந்தச் சமயத்தில்தான், தெற்கே கரைவலை இழுக்கிறவர் ஒருவர் சாக்கில் எதையோ சுற்றிக்கொண்டு வந்து வாப்பாவிடம் கொடுத்தார். வாப்பா அவரை வாசலிலேயே அனுப்பிவிட்டு, சாக்குமூட்டையைத் தன் பெட்டகத்தில் வைத்துப் பூட்டினார். அன்று அவர் சாப்பிடவில்லை. தின்பண்டமாக இருக்கும் என்று எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது. அவர் தொழப் போன நேரம் பார்த்துத் தலையணைக்கடியில் இருந்த சாவியை எடுத்துத் திறந்தேன். உள்ளே இருந்தது ஒரு பச்சைப் பெல்ட். எங்கள் ஊர் ஆண்கள் எல்லாரும் கைலிக்கு மேல் கட்டுகிற அகலமான பெல்ட்தான். உப்புப் பூத்து, சின்னச் சின்னச் சிப்பி ஒட்டியிருந்தது. அதிலிருந்த காசுப்பையின் பொத்தான் போன இடத்தை யாரோ நீல நூலால் குறுக்கும் நெடுக்கும் தைத்திருந்தார்கள். சீ, இவ்வளவுதானா என்று மூடினேன். ஆனால் கதைக்கு நல்ல சாமான் என்று மனம் குறித்துக்கொண்டது. ஒன்பது வயதிலேயே எழுத்தாளப் புத்தி எனக்கு அப்படி!

இரண்டு நாளில் சாச்சிக்குக் கால் வீங்கி, எழுதாமல் படுத்துவிட்டாள். நான் நோட்டைத் தூக்கிக்கொண்டு மச்சுக்கு ஏறினேன். நானே கேப்டனைக் கரைக்குக் கொண்டுவந்தேன். பட்டப்பகல், லுஹர் பாங்கு சொல்லும் நேரம். தெருவில் ஆளில்லை. கேப்டன் வருகிறார், மண்ணில் ஈரக்காலடி விழுகிறது, நிழல் விழவில்லை. அதாவது, அவரும் செத்துத்தான் போயிருக்கிறார், அதுதான் என்னுடைய மர்மம்! வாசலில் நிற்கும் மனைவியிடம் பச்சைப் பெல்ட்டைக் கொடுக்கிறார். பொத்தான் போன இடத்தில் நீல நூல். கடைசியாக அவர் ஏதாவது பேச வேண்டுமே என்று பேனாவைக் கடித்துக்கொண்டு யோசித்தேன். பிறகு எழுதினேன்: “வெளக்க அமத்திட்டுத் தூங்கு. எனக்கு வழி தெரியும்.”

மறுநாள் மத்தியானம் கூட்டம் கூடியது. நோட்டைத் திறந்த சாச்சி என் கோழிக்கிறுக்கலைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். “ராத்தா, இங்கன பாரு, உன் மக எம் பொழப்புல மண்ணள்ளிப் போட வந்துட்டா” என்று உம்மாவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டு, எனக்காகவே குரலைத் தாழ்த்தி உயர்த்திப் படித்தாள். ஈரக்காலடி வந்தபோது மாமி “யா அல்லாஹ்” என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பெல்ட் வந்தது. சாச்சியின் குரல் மெலிந்தது. நீல நூல் வந்தது. அதற்குமேல் சத்தம் வரவில்லை, உதடு மட்டும் அசைந்து முடித்தது.

“என்னம்மா, படியேன்” என்றார்கள். சாச்சி நோட்டில் விரலை வைத்தபடி என்னைப் பார்த்தாள்.

“ஏ புள்ள, இது உனக்கு எங்கன கெடச்சுச்சு?”

பெட்டகத்தைத் திறந்தது தெரிந்தால் வாப்பா தோலை உரித்துவிடுவார். தவிர, இத்தனை பேர் முன்னால், அது என் கற்பனை இல்லை என்று ஒப்புக்கொள்வதா?

“நானா நெனச்சு எழுதுனது சாச்சி.”

“அல்லா மேல ஆணையா?”

“ஆணையா.”

சாச்சி நோட்டை மூடிவைத்தாள். பிறகு கையைத் தூக்கிக் கழுத்துக்குப் பின்னால் கொண்டுபோய்க் கருகமணியை அவிழ்த்தாள். “ராத்தா, வெள்ளச் சீல ஏதும் இருக்கா?” என்று கேட்டாள். உம்மா ஓவென்று அலறிக்கொண்டு வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். அழாத ஆள் சாச்சி மட்டும்தான். அன்றைக்கு அவள் அறையில் விளக்கு எரியவில்லை.

தை பிறந்து, மாசி கழிந்து, அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அதற்கப்புறம் அவள் துரைவேலைத் தொடவே இல்லை. என் கதை அவ்வளவு பயங்கரமாக இருந்ததால்தான் சாச்சி பயந்து அறைக்குள் போய்விட்டாள் என்று நான் தோழிகளிடம் பீற்றிக்கொண்டேன். விவரம் தெரிந்த பிறகு வெட்கம் பிடுங்கித் தின்றது. பெரியவர்கள் பிள்ளைத்தாச்சியிடம் சொல்லத் துணியாததை நான் சொல்லியிருக்கிறேன், போதாததற்குப் பொய்ச் சத்தியமும் செய்திருக்கிறேன். தொழும்போதெல்லாம் அதற்காகத் தனியே மன்னிப்புக் கேட்பேன்.

சாச்சிக்கு வயதாகிக் கண் மங்கிய பிறகு, ஒரு மத்தியானம், மனசு கேட்காமல் எல்லாவற்றையும் கொட்டினேன். பெட்டகம், சாவி, பெல்ட், ஆணை. அவள் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள்.

“அது பெட்டகத்துல இருந்தது எனக்குத் தெரியும் புள்ள. உன் வாப்பா அந்தச் சாக்க வாங்குனத நான் சன்னல் வழியாப் பாத்தேன். மறுநாளே தெறந்தும் பாத்துட்டேன். நான் தச்ச நூலு எனக்குத் தெரியாதா?”

“தெரிஞ்சுமா எழுதிக்கிட்டிருந்தே?”

“எழுதுற வரைக்கும் தண்ணியில இருப்பாருல்ல.”

அப்படியானால் எங்கே கிடைத்தது என்று ஏன் என்னிடம் கேட்டாய் என்றேன்.

“நீல நூல யாரு கேட்டா? அதுக்குக் கீழ உள்ள வரியத்தானே கேட்டேன்” என்றாள். “பொறப்பட்ட அன்னைக்கு, உன் சாச்சா முடுக்கு வாசல்ல வச்சு எங் காதுல சொல்லிட்டுப் போன வார்த்த அது. வேற ஒரு சீவனுக்குத் தெரியாது. நீ அப்ப ஊர்லயே இல்ல.”

இத்தனை வருஷம் என்னை உறங்கவிடாமல் அடித்தது அந்தப் பொய்ச் சத்தியம். அவள் விரல் வைத்த வரிக்கு நான் செய்த ஆணையோ சுத்தமான மெய். அதை நானாகத்தான் நினைத்து எழுதினேன். நானாகத்தானா?